வெள்ளி, சனி, ஞாயிறு: ஒரு பேஸ்பால் அணியோடு மூன்று நாள்

(பிட்ஸ்பர்க்கில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு கோடைச் சந்திப்பில் பேசியது. பேச்சின் போக்கு மாறாமல் எழுத்தில் தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். பசியோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் நீட்டி முழக்கக் கூடாதுதான். ஆனால் பேஸ்பால் பற்றிப் பேசு, சீக்கிரம் முடி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எப்படி?

நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்து வருடக்கணக்காகியும் இந்த ஊர் பேஸ்பால் அணியான பைரேட்ஸின் ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருப்போம். ஆபீஸில் டிக்கெட் கொடுத்திருப்பார்கள். போய் உட்கார்ந்து, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் மூன்றாவது இன்னிங்ஸில் செல்போனை எடுத்து, ஐந்தாவதில் பாப்கார்ன் வாங்கி, ஏழாவதில் பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து கிளம்பியிருப்போம். வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமே நடக்கலையே" என்று அலுத்துக்கொண்டிருப்போம். உண்மைதான், பல ஆட்டங்களில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதனால்தான் சொல்கிறேன், பேஸ்பாலில் ஒரு ஆட்டத்தைப் பார்க்காதீர்கள், ஒரு தொடரைப் பாருங்கள். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதியை ஒட்டி வரும் நீண்ட வார இறுதி அதற்குத் தோதான நேரம். பைரேட்ஸ் உள்ளூரில் ஆடினால் நேரில், வெளியூரில் ஆடினால் ரேடியோவில்.

ஒரு சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, அநேகமாகத் தினமும். 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. நவீன காலத்தில் ஒரே சீசனில் அதைவிட அதிக ஆட்டம் தோற்ற அணி கிடையாது. அந்த அணியும் 41 நாள் ஜெயித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு ராத்திரியின் முடிவை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஆனால் எதிரணி ஊருக்கு வந்தால் ஒரு ஆட்டத்தோடு போய்விடுவதில்லை. மூன்று நாள், சில சமயம் நாலு நாள் தங்கி ஆடுவார்கள். வெள்ளிக்கிழமை ஒரு மெதுவான பந்தில் ஏமாந்து காற்றை அடித்த பேட்டர், சனிக்கிழமை அதே பந்துக்காகக் காத்திருப்பான். வெள்ளிக்கிழமை ஆட்டம் இழுபறியாகி, கடைசி இன்னிங்ஸ்களுக்கென்று வைத்திருக்கும் நல்ல பிட்சர்களை, அதாவது பந்து எறிபவர்களையெல்லாம் இறக்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தோள் எழும்பாது. மேனேஜர் யாரை இறக்குவார், யாரை ஒளித்து வைப்பார்? தொடர்ந்து பார்ப்பவனுக்குத்தான் இது தெரியும். மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தவனுக்கு, "ஏன் இந்தக் கத்துக்குட்டியைப் போட்டிருக்காங்க?" என்றுதான் தோன்றும்.

சரி, வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். காரை டவுன்டவுனிலேயே விட்டுவிடுங்கள். ஆட்ட நாளில் ராபர்ட்டோ கிளெமென்டே பாலத்தில் வண்டிகளை விட மாட்டார்கள். மஞ்சள் பாலம் முழுக்க மனிதர்கள். கீழே அலெகெனி ஆறு, எதிரே பைரேட்ஸ் மைதானமான பிஎன்சி பார்க். கிளெமென்டே போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர். 1955 முதல் 1972 வரை இந்த ஒரே அணிக்காக ஆடினார். 1972 செப்டம்பர் 30 அன்று தன்னுடைய 3,000-ஆவது ஹிட்டை அடித்தார் (ஹிட் என்றால் பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸ் என்னும் நிலையத்தை ஓடி எட்டுவது). சீசனில் அவர் அடித்த கடைசி ஹிட் அது. அந்த டிசம்பரில் நிகரகுவாவில் பூகம்பம். நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு 31-ஆம் தேதி ராத்திரி தானே விமானத்தில் கிளம்பினார். விமானம் கடலில் விழுந்தது. அவருடைய எண் 21. இன்றைக்கும் பிஎன்சி பார்க்கில் வலப்பக்கச் சுவரின் உயரம் 21 அடி. அடுத்த தடவை அந்தச் சுவரில் பந்து மோதித் திரும்பும்போது உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இங்கே இன்னொரு வசதி, வெளிச் சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போகலாம். பை எந்த அளவு இருக்கலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பென் ஹில்ஸ் கோயில் புளியோதரையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பது தனி சுகம். நடுவில் பியெரோகி வேஷம் போட்டவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். போலந்திலிருந்து இரும்பாலை வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம் பியெரோகி. உருளைக்கிழங்கு மசித்து வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் ஆட்டத்தை மறந்தாலும் இந்த ஓட்டத்தை மறக்க மாட்டார்கள்.

போனதும் ஒரு ஸ்கோர்கார்டும் பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் எல்லாம் வருகிறதே என்பீர்கள். வரும், ஆனால் கண் அதில் இருக்கும், ஆட்டத்தில் இருக்காது. ஸ்கோர்கார்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் வெளிவட்டத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் போகிறது, அவர் இரண்டாவது பேஸுக்கு எறிகிறார், அங்கிருந்து முதல் பேஸுக்கு. இரண்டு பேர் அவுட். கட்டத்தில் 6-4-3 என்று எழுதுகிறீர்கள். ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று தடவை நல்ல பந்தைக் கோட்டைவிட்டு அவுட் என்றால் கே (K). பேட்டை அசைக்காமலே நின்று மூன்றாவது ஸ்ட்ரைக்கை விட்டுவிட்டான் என்றால் கே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். அடிக்காமல் விட்டவனுக்கு இப்படி ஒரு தலைகீழ் தண்டனை!

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெரியவர். முன்பின் பழக்கமில்லை. நான் பென்சிலைக் கடித்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் அட்டையை வாங்கி இரண்டு கட்டத்தை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அவுட்டுக்கும் என் அட்டையை ஓரக்கண்ணால் பார்ப்பார். சரியாக எழுதியிருந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். பைரேட்ஸ் தோற்றுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை ரேடியோ. பின்புறத்தில் அடுப்பு எரியட்டும், விருந்தாளிகள் வரட்டும், ஓரமாக ஆட்டம் ஓடட்டும். டிவி என்றால் எதிரே உட்கார வேண்டும். ரேடியோவுக்குக் காதை மட்டும் கொடுத்தால் போதும். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் வர்ணனையாளர் கதை சொல்லுவார், வானிலை சொல்லுவார், திடீரென்று குரல் ஏறும், நாம் தோசைக் கரண்டியோடு நின்றுவிடுவோம். 2023-இல் பிட்சருக்கு நேரக்கெடு வைத்துவிட்டார்கள். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். ஆட்டம் சுருங்கியது, நல்லதுதான். ஆனால் கதை சொல்பவருக்கு மூச்சு முட்டுகிறது என்பது என் கட்சி.

ரேடியோவில் பேஸ்பால் பிறந்ததே இந்த ஊரில்தான். 1921 ஆகஸ்ட் 5. இங்கே கேடிகேஏ வானொலி நிலையத்தில் வேலை பார்த்த ஹெரால்டு ஆர்லின் என்ற இளைஞர், ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் டெலிபோன் ஒன்றை மைக்காக்கிக்கொண்டு, பைரேட்ஸ்–பில்லீஸ் ஆட்டத்தை நேரடியாகச் சொன்னார். பெரிய லீக் ஆட்டம் ஒன்று வானொலியில் வந்தது அதுதான் முதல் தடவை. பைரேட்ஸ் 8–5 என்று ஜெயித்தது. ஃபோர்ப்ஸ் ஃபீல்டு இப்போது இல்லை. ஓக்லாண்டில் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே அதன் செங்கல் சுவரில் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. வருடா வருடம் அக்டோபர் 13 அன்று அந்தச் சுவரடியில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்வார்கள். சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 1960-இல் நடந்த ஏழாவது ஆட்டத்தின் பழைய வானொலி ஒலிப்பதிவை முழுசாக ஓடவிட்டுக் கேட்பார்கள். 3.36 மணிக்கு பைரேட்ஸின் பில் மசெரோஸ்கி ஹோம் ரன் அடிப்பார், அதாவது பந்தை வேலிக்கு வெளியே அனுப்புவார். எல்லோருக்கும் தெரிந்த முடிவு, ஆனாலும் கைதட்டுவார்கள்.

அந்த 1960 தொடரைக் கொஞ்சம் பாருங்கள். ஏழு ஆட்டத்தில் எதிரணியான நியூயார்க் யாங்கீஸ் எடுத்த மொத்த ரன் 55, பைரேட்ஸ் எடுத்தது 27. பாதிகூட இல்லை! யாங்கீஸ் ஜெயித்த நாளில் 16–3, 10–0, 12–0 என்று புரட்டி எடுத்தார்கள். பைரேட்ஸ் ஜெயித்த நாளில் வித்தியாசம் மூன்று ரன்னைத் தாண்டவில்லை, கடைசி ஆட்டம் 10–9. ஆனால் கோப்பை பைரேட்ஸுக்கு, நாலுக்கு மூன்று. அடி வாங்கிய அந்த மூன்று நாளில் ஏதாவது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனவன் எந்த அணி உலக சாம்பியன் என்று நினைத்திருப்பான்?

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அன்று பெரும்பாலும் மத்தியான ஆட்டம், பெரும்பாலும் தோல்வி. சிரிக்காதீர்கள். 1993 முதல் 2012 வரை இந்த அணி தொடர்ச்சியாக 20 சீசன், ஜெயித்ததைவிட அதிகமாகத் தோற்றது. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் எந்த அணியும் இப்படித் தோற்றதில்லை. அந்த இருண்ட காலத்தின் நடுவில், 2008-இல், நம் ஆட்கள் இருவர் இந்த அணியில் சேர்ந்தார்கள் தெரியுமா? ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள். டிவி போட்டி ஒன்றில் வேகமாகப் பந்து எறிந்து தேர்வாகி, பயிற்சி எடுத்து, பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். மேல்மட்ட லீக் வரை இருவரும் வரவில்லை. இருந்தாலும் 2009-இல் கீழ்மட்ட லீக்கில் ரிங்கு ஒரு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். தோற்கிற அணிக்குத்தான் இப்படியெல்லாம் முயன்று பார்க்கிற துணிச்சல் வரும்.

இருபது வருடத்துக்குப் பிறகு 2013 அக்டோபர் 1-ஆம் தேதி, சின்சினாட்டி ரெட்ஸோடு ஒரே ஆட்டத்தில் வாழ்வா சாவா. 40,000 பேர், பெரும்பாலோர் கறுப்பு உடையில். எதிரணி பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை "குவே… டோ" என்று மொத்த மைதானமும் ராகம் போட்டு இழுத்தது. பந்து எறியும் மேட்டில் நின்ற குவேட்டோவின் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரசல் மார்ட்டின் ஹோம் ரன்னாக அடித்தார். இந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆட்ட முடிவை முழுசாகச் சொல்வதற்கு முன்னால் பந்து நழுவியதைத்தான் சொல்வார்கள்.

இப்போதைய நிலைமையும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் நம் பால் ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக 1.97 ரன்தான் கொடுத்தார். லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமனதாக அவருக்கு. சரி, அவர் கணக்கில் எத்தனை வெற்றி? பத்து. எத்தனை தோல்வி? அதுவும் பத்து. அவர் எறிகிற நாளில் நம் பேட்டர்கள் ரன் எடுக்க வேண்டுமே! அவர் அஞ்சாறு நாளுக்கு ஒரு தடவைதான் எறிவார், அதனால் உங்கள் மூன்று நாளில் அவர் முறை வருகிறதா என்று பார்த்து டிக்கெட் எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழாவது இன்னிங்ஸில் கிளம்பலாமா என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு ஒரு கதையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1985 ஜூலை 4, அட்லாண்டா. பிரேவ்ஸும் நியூயார்க் மெட்ஸும் ஆடுகிறார்கள். மழையால் தாமதம், மறுபடி மழை, அப்புறம் சமன், மறுபடி சமன். சமனாக இருக்கிறவரை இன்னிங்ஸ் கூடிக்கொண்டே போகும். 18-ஆவது இன்னிங்ஸில் பிரேவ்ஸ் ஒரு ரன் பின்தங்கி நிற்கிறது, இரண்டு அவுட். அடிக்க வந்தவர் ரிக் கேம்ப், பிட்சர். அனுப்ப வேறு ஆள் மிச்சமில்லை. அவர் வாழ்நாளில் ஒரு ஹோம் ரன்கூட அடித்ததில்லை. இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் அவர் ஹோம் ரன் அடித்தார்! ஆட்டம் 19-ஆவது இன்னிங்ஸுக்குப் போனது. மெட்ஸ் ஐந்து ரன் எடுத்தது, பிரேவ்ஸ் இரண்டு எடுத்துத் துரத்தியது, கடைசி பேட்டராக மறுபடி அதே ரிக் கேம்ப் வந்தார். இந்தத் தடவை ஸ்ட்ரைக் அவுட். 16–13. மணி விடிகாலை 3.55.

ஜூலை நாலாம் தேதி வாணவேடிக்கை என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றிருந்தார்கள், மிச்சம் இருந்தவர்களுக்காக அதை விட்டே தீருவோம் என்று நாலு மணிக்கு விட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் ஊரை யாரோ தாக்குகிறார்கள் என்று போலீஸுக்கு போன் போட்டார்கள். அன்று சாயங்காலமே அதே இரண்டு அணியும் மறுபடி மைதானத்தில் இறங்கின, தொடரின் இரண்டாவது ஆட்டத்துக்கு.