செத்தல் மிளகாய் துறைமுகத்தைக் கடப்பது எப்படி?

[காட்சி: சீனன்குடா மாவாலையின் இறங்குதுறை, கோதுமைக் கப்பல்]

திருகோணமலைக்குக் கோதுமை கப்பலிலேயே நேரடியாக வந்து இறங்குகிறது. மத்திய வீதிக் கடைகளில் நாம் வாங்கும் செத்தல் மிளகாய், மைசூர்ப் பருப்பு, பால்மா போன்றவையோ பெரும்பாலும் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன்களாக இறங்கி, லொறிகளில் இங்கு வந்து சேர்கின்றன. எந்த வழியில் வந்தாலும் அவற்றுக்குப் பொருந்தும் அடிப்படைச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமே.

எல்லாப் பொதிகளையும் திறந்து பார்க்க எந்த நாட்டு அரசாலும் இயலாது. ஆகவே பரிசோதனை கடதாசிகளிலிருந்தே தொடங்குகிறது. சுங்கத் திணைக்களத்திடம் இறக்குமதியாளர் ஒப்படைக்கும் ஆவணங்களையும், தானியமாயின் ஏற்றுமதி நாடு வழங்கிய தாவரச் சுகாதாரச் சான்றிதழையும் அதிகாரிகள் பார்வையிட்டு, ஆபத்து கூடிய சரக்குகளை மேலதிக ஆய்வுக்கென ஒதுக்குகின்றனர். சுகாதார அமைச்சின் உணவுக் கட்டுப்பாட்டுப் பிரிவும் இலங்கைத் தரக்கட்டளைகள் நிறுவனமும் இந்தக் கட்டத்தில்தான் உள்ளே வருகின்றன.

[காட்சி: மூட்டைக்குள் இறங்கும் மாதிரிக் குழல்]

உண்மையான சிக்கல் ஆய்வுகூடத்தில் இல்லை. மாதிரி எடுப்பதில்தான் இருக்கிறது. மிளகாய், கச்சான், சோளம் ஆகியவற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு, ஈரலில் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது. சாதாரணச் சமையல் வெப்பத்தில் முற்றாக அழியாதது. அது சரக்கு முழுவதும் சீராகப் பரவுவதில்லை. பூஞ்சணம் பிடித்த ஒருசில கச்சான் பருப்புகளிலேயே பெரும்பங்கு தேங்கியிருக்கலாம் என்பதால், மேல் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்துவிட்டுச் சரக்கு சுத்தம் என்று சொல்வது வெறும் சடங்காகவே முடியும். வெவ்வேறு மூட்டைகளின் வெவ்வேறு ஆழங்களில் சிறிது சிறிதாக எடுத்து, ஒன்றாக்கி, அரைத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து பிரித்தெடுத்த பகுதியைச் சோதித்தால்தான் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் உண்டு.

முடிவு வரும் வரை சரக்கை எங்கே வைத்திருப்பது என்பதும் சிறிய கேள்வியல்ல. 2021இல் சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன், இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காய் எண்ணெயில் இதே நஞ்சு கண்டறியப்பட்டபோது, அந்த எண்ணெய் துறைமுகத்தை விட்டு இறக்குமதியாளர்களின் களஞ்சியங்களுக்குப் போய்விட்டிருந்தது. அதைத் திருப்பி அனுப்புமாறு உத்தரவிடப்பட்டாலும், ஏற்கெனவே சந்தைக்குள் எவ்வளவு புகுந்துவிட்டதோ என்ற சந்தேகம் மக்களிடையே எழுந்தது. அது நியாயமான சந்தேகம்தான்.

[காட்சி: கடைத் தட்டில் பால்மாப் பொதி, அருகே திறந்த மிளகாய்ச் சாக்கு]

துறைமுகத்தைத் தாண்டிய பின்னர் பொறுப்பு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வருகிறது. அவர் கடையில் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். பொதியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கமும், காலாவதித் திகதியும் இருந்தால், தவறான சரக்கை அதன் மூலம் வரை தேடிச் சென்று, அதே தொகுதியை ஏனைய ஊர்களிலும் மீளப்பெற முடியும். சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரப்படும் செத்தல் மிளகாயில் இவை எதுவும் இல்லை. அங்கே பரிசோதகரிடம் எஞ்சுவது, மொத்த வியாபாரி கொடுத்த பற்றுச்சீட்டு மட்டுமே. கடைக்காரர் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால்.