யாருக்குக் கடைசியாய் இருப்பது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, திருவிழா மேடையை எங்களுக்குத் தந்த பங்குத்தந்தை அவர்களே, எதிரணி நண்பர்களே, களியக்காவிளையிலிருந்தும் எல்லை கடந்து பாறசாலைப் பக்கத்திலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"தாழ்ச்சியில் நம்மை வளர்ப்பது பெரிதும் தனிச்செபமா, கூடி வாழும் வாழ்வா?" என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. எனக்கு முன் பேசிய பேராசிரியை அம்மையார் தனிச்செபமே என்று வாதிட்டார். கதவை அடைத்துக்கொண்டு மறைவாய் வேண்டு என்ற மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை முதலில் வைத்தார். இயேசு சொன்ன உவமையில் கோவிலில் தொலைவாய் நின்று மார்பில் அடித்துக்கொண்ட வரிதண்டுபவரை, ஊரார் பாவி என்று வெறுத்த அந்த வரி வசூலிப்பவரை, அடுத்துக் காட்டினார். நால்வர் பார்க்கச் செய்யும் தாழ்ச்சி நாடகமாகிவிடும் என்று சொல்லிவிட்டு, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழனன்று கோவிலில் பாதம் கழுவப்படப் போகிற பன்னிரண்டு பேர் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவதைக் குறிப்பிட்டு உங்களைச் சிரிக்கவும் வைத்தார். நானும் சிரித்தேன், ஏனென்றால் அது உண்மை. ஆயினும் கூடி வாழும் வாழ்வே என்ற அணியில் நிற்கும் நான், அவர் காட்டிய சான்றுகளையே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும் என்று நடுவரை வேண்டுகிறேன்.

லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் கோவிலுக்குப் போனவர்கள் இருவர். இருவரும் செபித்தார்கள். ஒருவர் அந்த வரிதண்டுபவர், மற்றவர் சமயச் சட்டத்தைக் கறாராய்க் கடைப்பிடித்த பரிசேயர். பரிசேயரின் செபத்திலும் குறுக்கிட ஆளில்லை. வாரத்துக்கு இருமுறை நோன்பு இருப்பதையும் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதையும் அவர் கடவுளிடம் அடுக்கிச் சொன்னபோது, "கொஞ்சம் பொறும் ஐயா" என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. செபமே தாழ்ச்சியைத் தந்துவிடும் என்றால் அவருக்கும் அது கிடைத்திருக்க வேண்டும். வரிதண்டுபவருக்கு மட்டும் தம் நிலை எப்படித் தெரிந்தது? ஊரார் முகத்தில் அன்றாடம் அதைப் படித்தவர் அவர். சந்தையிலும் துறையிலும் தம்மைப் பற்றித் தெரிந்துகொண்டதைத்தான் கோவிலில் வந்து கடவுளிடம் ஒப்புக்கொண்டார் என்பது என் வாசிப்பு.

தாழ்ச்சிக்குப் பயிற்சி முறை வகுத்தவர்களில் ஆறாம் நூற்றாண்டின் புனித பெனடிக்ட் முதன்மையானவர். அவர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குகளின் ஏழாம் அதிகாரம் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகளைச் சொல்கிறது. முதற்படி, கடவுளின் பார்வையில் எப்போதும் நிற்கிறோம் என்ற அச்சம்; அது எதிரணிக்கு உரியது என்று மனமார விட்டுக்கொடுக்கிறேன். மூன்றாவது படியோ மற்றொருவருக்குக் கீழ்ப்படிவது, நான்காவது அந்தக் கீழ்ப்படிதலில் வரும் கசப்பைப் பொறுப்பது, ஐந்தாவது உள்ளத்தில் மறைத்து வைத்திருப்பதை மடத்துத் தலைவரிடம் வாய்விட்டுச் சொல்வது. எதிரே ஓர் ஆள் இல்லாமல் இவற்றில் எந்தப் படியில் கால் வைக்க முடியும்?

அதே ஒழுங்குகளில் சமையலறைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு, முப்பத்தைந்தாவது. துறவிகள் வாரமுறை வைத்துச் சமையலறை வேலை பார்க்க வேண்டும். வாரம் முடிகிறவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகக் கணக்கோடு திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரம் ஏற்கிறவரோடு சேர்ந்து மடத்தில் உள்ள அனைவரின் பாதங்களையும் கழுவ வேண்டும். ஆண்டுக்கொருமுறை பன்னிரண்டு பேருக்கு என்றால் நாடகம் ஆகலாம், அம்மையாரே. வாரந்தோறும், அடுப்படியில் நின்று களைத்த பிறகு, எல்லோருக்கும் என்றால் நாடகத்துக்குத் தெம்பு இருக்காது. இன்னும் இரண்டு விதிகள் கூர்மையானவை. மடத்தில் ஒருவருடைய வரிசை அவர் வந்து சேர்ந்த நேரத்தைப் பொறுத்தது, வயதுக்கும் வெளியுலகப் பெருமைக்கும் அதில் இடமில்லை. கைத்தொழில் தெரிந்த துறவி, தன் திறமையால்தான் மடத்துக்கு வருமானம் என்று தலைக்கனம் கொண்டால், அந்தத் தொழிலிலிருந்தே அவரை விலக்கிவிட வேண்டும். தலைக்கனம் வந்தவரை, "போய்த் தனியே செபித்துச் சரியாகி வா" என்று பெனடிக்ட் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை.

நம் பக்கத்துக் காட்சி ஒன்று. ஒரு திருவிழாவில் சமபந்தி விருந்து முடிந்த பின் சோறு வடித்த வார்ப்பைக் கழுவ ஆள் போதவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் நாரும் சாம்பலுமாக வார்ப்புக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த அளவுக்கு அது நல்ல காட்சிதான். யாராவது படம் எடுத்திருந்தால் அம்மையார் சொல்கிற நாடகமாகவும் போயிருக்கும். அவர் நிமிர்ந்தபோது, ரப்பர் பால்வெட்டும் இளைஞன் ஒருவன், அவரிடமே படித்தவன், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஸாரே, அடியில கரி கெடக்கு, இன்னும் ஒருக்கத் தேய்க்கணும்" என்றான். அவர் முகம் ஒரு கணம் இறுகியதைப் பக்கத்தில் நின்ற எல்லோரும் பார்த்தோம். பிறகு நாரை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே குனிந்தார். முதல் முறை குனிந்தது அவர் விருப்பம். இரண்டாம் முறை குனிந்ததைத்தான் நான் பயிற்சி என்கிறேன், அதற்கு அந்தப் பையன் தேவைப்பட்டான்.

இங்கே என் அணிக்கு எதிராக எழும் கடினமான கேள்வி ஒன்றை நானே எடுத்து வைக்கிறேன். இந்த மண்ணில் கூடி வாழ்ந்த வாழ்வு பலரைத் தாழ்த்தியது, தாழ்ச்சியைக் கற்பிக்கவில்லை. தோளை மறைத்து ஆடை உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல ஆண்டுகள் அடிபட்டு, 1859இல்தான் திருவிதாங்கூர் அரசாணை பெற்றார்கள். அவர்களிடம் போய்த் தாழ்ச்சி பழகுங்கள் என்று சொல்வது பாவம். தாழ்த்தப்பட்டவர் நிமிர்வதும் உயரத்தில் இருப்பவர் இறங்குவதும் ஒரே நற்செய்தியின் வேலைகள்; பயிற்சி தேவைப்படுவது இறங்க இடம் உள்ளவருக்கு. நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பொறுப்பில் இருந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற புனித தேவசகாயம் அப்படி இறங்கியவர். சாதி பாராமல் எல்லோரோடும் சமமாகப் பழகியது அவர் மீதிருந்த சினத்துக்கு ஒரு காரணமாயிற்று. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவரைக் கொண்டுபோனார்கள். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் ஆழ்ந்து செபித்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தச் செபம் அவரைப் பிறர் வீட்டுத் திண்ணைக்கு நடத்தியது என்பதுதான் என் கட்சி.

இனி அதே வடக்கன்குளத்தைப் பாருங்கள். அவர் திருமுழுக்குப் பெற்ற அந்த ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் இரு கிளையாகக் கட்டப்பட்டது. சாதிக்கொரு பக்கம், நடுவே தடுப்புச் சுவர், ஒரே பீடம். சுவரின் இரு புறமும் மக்கள் முழந்தாளிட்டுத்தான் செபித்தார்கள், உருகித்தான் செபித்தார்கள். ஆண்டுக்கணக்கில் அப்படிச் செபித்தும் அந்தச் சுவரில் ஒரு கல் உதிரவில்லை. 1910இல் ஆள் வைத்து இடித்தார்கள். வழக்கும் சண்டையுமாய்ப் பெரும் உரசல் நடந்தது. பக்கத்தில் முழந்தாளிடுகிறவர் யார் என்று பார்க்கவே வேண்டாத ஏற்பாட்டில், என் செபம் எவ்வளவு உருக்கமாய் இருந்தாலும் என் உயரம் எனக்குத் தெரியப் போவதில்லை.

எதிரணித் தலைவர் பாலைவனத் துறவிகளை வைத்திருக்கிறார், குறிப்பாக நம் வீடுதோறும் நேர்ச்சை வைக்கும் வனத்து அந்தோணியாரை. அவர் தனிமைக்குப் போனது உண்மை. ஆனால் புனித அத்தனாசியார் எழுதிய வரலாற்றில், தனிமைக்குப் போகும் முன் அவர் சுற்றுவட்டாரத்துத் தவசிகளைத் தேடித் தேடிப் போய், ஒருவரிடம் பொறுமையையும் ஒருவரிடம் கண்விழிப்பையும் ஒருவரிடம் சாந்தத்தையும் மாணவனாய் நின்று கற்றார் என்று இருக்கிறது. எதிரணியினர் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தாண்டியிருக்கிறார்கள்.

நடுவர் மணியடிக்கக் கை வைத்துவிட்டார், ஒரே ஒரு கேள்வியோடு அமர்ந்துவிடுகிறேன். கேள்வி என்னுடையது அன்று. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராயிருந்த புனித பசிலியார் தனிவாசத்தை விரும்பிய துறவிகளிடம் கேட்டது. ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவிக் காட்டினார். தனியே வாழ்கிற நீ யாருடைய பாதத்தைக் கழுவுவாய், யாருக்குக் கடைசியாய் இருப்பாய் என்று அவர் கேட்டார். அடுத்துப் பேச எழுந்து வரும் எதிரணி நண்பர் மற்ற எதையும் தொட வேண்டாம். இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.