பச்சைப் புள்ளி சொல்வதும் சொல்லாததும்

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவருக்குத் திடீரென்று ஒரு இரவில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கும். போர்வை பட்டால்கூட உயிர் போகும். பெரும்பாலும் அது கவுட், அதாவது யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் படிகமாகச் சேர்ந்து வரும் வாதம். பொருத்திய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமலிருக்கத் தரும் சைக்ளோஸ்போரின், யூரிக் ஆசிட் வெளியேறுவதைக் குறைக்கிறது. நீர் பிரியத் தரும் மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அதே மூட்டில் கிருமி புகுந்திருக்கவும் கூடும். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்த உடம்பில் காய்ச்சல்கூட ஒழுங்காக அடிக்காது.

அது கவுட்தானா என்று கண்டுபிடிக்கத்தான் டியூவல் எனர்ஜி சி.டி. ஸ்கேனைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். 80, 140 கிலோவோல்ட் என்று இரண்டு விதமாகப் படம் எடுப்பது வழக்கம். வோல்ட் குறைந்தால் கால்சியம் பளிச்சென்று கூடித் தெரியும். யூரேட் எனப்படும் யூரிக் ஆசிட் உப்பு அவ்வளவாக மாறாது. அந்த வித்தியாசத்தை வைத்து யூரேட்டுக்குக் கணினி பச்சை வண்ணம் பூசும். இதற்குப் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து வேண்டாம், சிறுநீரகத்துக்கு நிம்மதி.

பச்சையை எவ்வளவு நம்பலாம் என்று சோதிக்க ஒரே உரைகல், மூட்டு நீர். ஊசியால் உறிஞ்சி, போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஊசி ஊசியாய்ப் படிகங்கள் மின்னும். இரண்டையும் ஒப்பிடும் ஆய்வு என்றால், ஸ்கேனும் ஊசியும் சில நாட்களுக்குள் நடக்க வேண்டும். படம் படிப்பவருக்கு நீரின் முடிவு தெரியக்கூடாது. கவுட் இல்லாத மாற்றுச் சிறுநீரகக்காரர்களையும் சேர்க்க வேண்டும்; இதை விட்டுவிட்டால் ஸ்கேன் எப்போதும் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரியும். ஒருவருடைய நான்கு மூட்டுகளை நான்கு நோயாளிகளாக எண்ணுவதும் தப்புக்கணக்கு.

தவறுவது எங்கே? கால் நகத்திலும் குதிகால் காய்ப்பிலும் பொய்ப் பச்சை விழும். கால் அசைந்தாலும், பக்கத்தில் உலோகம் இருந்தாலும் விழும். முதல் தடவை வந்த கவுட்டில் உப்பு போதிய அளவு சேர்ந்திருக்காது, ஸ்கேன் கோட்டைவிடும். இதைவிட ஆபத்து, உண்மையான பச்சையே. படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் இருக்கலாம், ஸ்கேன் படிகத்தை மட்டுமே காட்டும். ஆகவே ஸ்கேன் என்ன சொன்னாலும், வீங்கிய மூட்டின் நீர் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, போயே ஆக வேண்டும்.

பொய்ப் பச்சையை நம்பி, யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபுரினால் மாத்திரையைத் தொடங்கினால் இன்னொரு வம்பு. நோயாளி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின் சாப்பிடுகிறவராக இருந்தால் அசாதயோபிரின் உடம்பில் தேங்கி, வெள்ளை அணுக்கள் சரியும். இரண்டையும் சேர்த்துத் தந்தே ஆகவேண்டும் என்றால் அசாதயோபிரினை ஏறக்குறைய கால் பங்காகக் குறைத்து, ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்ப்பார்கள். வணக்கம்.