கடலுக்குப் போன நீர் யார் கணக்கு? காவிரி டெல்டாவின் கதை

(திரையில்: வெள்ளத்தில் முக்கொம்பு)

வணக்கம். காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் எல்லாம் "இத்தனை டி.எம்.சி. நீர் வீணாகக் கடலில் கலந்தது" என்ற செய்தியைப் படிக்கிறோம். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி நீர். டெல்டாவின் அரசியல் வரலாற்றில் பெரும்பகுதி "வீணாக" என்ற அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

திருச்சிக்கு மேற்கே, முக்கொம்பில் ஆறு காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. எனவே, வண்டல் படிந்து காவிரி மேடேறியபோது, தஞ்சை வயல்களுக்குப் பாய வேண்டிய நீர் கொள்ளிடம் வழியாகவே கடலுக்குச் சென்றது. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி அதைத் தடுத்தார். தஞ்சையின் நிலவரி அந்த நீரை நம்பியிருந்ததால் கிழக்கிந்தியக் கம்பெனி அரசுக்கு இதில் அக்கறை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பின்னர் 1892, 1924 ஆகிய ஆண்டுகளில் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. 1934இல் மேட்டூர் அணை வந்தது. குறுவையும் சம்பாவும் அணை திறக்கும் நாளைப் பார்த்து நடக்கத் தொடங்கின. ஆனால், டெல்டா என்ற நிலத்தையே உருவாக்கிய வண்டலில் ஒரு பங்கு அணைகளுக்குள் தங்கிவிடுகிறது. எந்த ஒப்பந்தப் பேச்சிலும் நீரின் அளவுக்குக் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்கவில்லை.

(திரையில்: 740 டி.எம்.சி.)

மாநிலங்களுக்கு இடையே காவிரி நீரைப் பங்கிட 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பளித்தது. மொத்தம் 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதமுள்ள 14இல் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கும், 4 டி.எம்.சி. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கும் ஒதுக்கப்பட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம், டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்தும், பெங்களூருவின் குடிநீர் தேவைக்கு 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தும், மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டிய அளவை 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. கடலோரத்தில் ஆற்றுநீர் குறைந்து, நிலத்தடி நீரும் இறைக்கப்படும்போது உப்புநீர் உள்ளே ஏறும் என்பதால், நிலத்தடி நீரைச் சேர்த்த இந்தக் கூட்டல் எனக்கு இன்றும் நெருடலாகவே படுகிறது.

மன்னார்குடிப் பகுதியின் மீத்தேன் திட்டத்தையும் 2017இல் நெடுவாசலின் ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் எதிர்த்த போராட்டங்களுக்குப் பின், 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அது தடை விதிக்கிறது. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை விட்டுவிடுகிறது. அது கட்டுப்படுத்துவது தொழில்களை. ஆற்றில் வரும் நீரையும் வண்டலையும் பற்றி அதில் பேச்சில்லை.

(திரையில்: பிச்சாவரம்)

கோடியக்கரை 2002இலும் பிச்சாவரம் 2022இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இடத்தில் வளர்வது. கொள்ளிடத்தில் இறங்கும் வெள்ளம் அந்தக் கழிமுகத்தின் உப்பைத் தணித்துவிட்டுத்தான் கடலை அடைகிறது. மறுநாள் நாளிதழில் அது வீணான நீர்.