மூக்கை நம்பலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

காது மந்தமானால் பெரும்பாலும் சீக்கிரமே மருத்துவரைத் தேடி வந்துவிடுகிறோம். கண்ணில் லேசாகப் புகை படர்ந்தாலே பதறிப்போகிறோம். வாசனை தெரியாமல் போனால் மட்டும் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறோம். காது மூக்கு தொண்டை மருத்துவராக நான் பார்க்கிறவர்களில் பலர் வேறு ஏதோ தொந்தரவுக்காக வருவார்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு, கதவருகில் நின்று, "அப்புறம் டாக்டர், கொஞ்ச நாளா வாசனையும் தெரியலை" என்பார்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தி. திரும்ப உட்காரச் சொல்வேன்.

மோப்பம் நாய்க்கும் பூனைக்கும் உரியது, மனிதனுக்கு அது மங்கிப்போன புலன் என்று பள்ளி நாளிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். இந்த எண்ணம் பெரிதும் 19ஆம் நூற்றாண்டு பாரிஸில் இருந்து வந்தது. மூளை ஆய்வாளர் பால் புரோக்கா, மனித மூளையின் முன்பகுதி பெரிதாக இருப்பதையும், வாசனைச் செய்தியை முதலில் வாங்கும் முகர்குமிழ் அதன் அடியில் சிறிதாக ஒட்டிக்கொண்டிருப்பதையும் கவனித்தார். அந்த அளவை வைத்து 1879இல் மனிதனை மோப்பம் குறைந்த உயிரினங்களின் வரிசையில் சேர்த்துவிட்டார். யாரிடமும் ஒரு பொருளைக் கொடுத்து முகரச் சொல்லிச் சோதித்து எடுத்த முடிவல்ல அது. ஆனாலும் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெக்கான் 2017இல் இந்தக் கதையை அடி முதல் நுனி வரை ஆராய்ந்து, இதற்கு ஆதாரமே கிடையாது என்று எழுதினார். முகர்குமிழில் உள்ள நரம்பணுக்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால், மனிதன் மற்ற பாலூட்டிகளுக்குப் பெரிதாகச் சளைத்தவன் அல்ல.

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். புல்வெளியில் பத்து மீட்டர் நீளத்துக்கு, சாக்லேட் வாசனை தோய்த்த நூலைப் போட்டார்கள். 32 பேரின் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, கையுறை மாட்டி, மண்டியிட்டு மூக்கைத் தரையில் வைத்துத் தேடச் சொன்னார்கள். 21 பேர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே கடைசி வரை போய்விட்டார்கள். போலீஸ் நாய் போலவே இடதும் வலதுமாக வளைந்து வளைந்து போனார்கள். சில நாள் பழகியதும் வேகமும் கூடியது. ஒரு நாசியை அடைத்தால் தடுமாறினார்கள். இரண்டு கண் இருப்பது போல இரண்டு நாசி இருப்பதற்கும் பயன் உண்டு என்பது அதிலிருந்து தெரிந்தது.

மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு. லட்சம் கோடிப் பங்கு தண்ணீரில் பத்துப் பங்கு கலந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். சில வாசனைகளை முகர்வதில் நாயைவிட நாம் தேவலை என்றும் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

அதற்காக நாயின் மூக்கைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. நாய் மூச்சை விடும்போது காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாக வெளியேறுகிறது. அதனால் முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. ஒரு நொடிக்கு ஐந்து முறை வரை முகர்ந்துகொண்டே போகலாம். மோப்பத்தில் அதையும் மிஞ்சக்கூடியது யானை. மூக்கின் நரம்பணுக்களில் வாசனைப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புகளை ஏற்பிகள் என்கிறோம். யானைக்கு ஏறத்தாழ 2,000 வகை வாசனை ஏற்பிகளுக்கான மரபணுக்கள் உள்ளன. நாய்க்கு 800, நமக்கு 400. கென்யாவின் அம்போசெலியில் மாசாய் இளைஞர்கள் யானைகளை ஈட்டியால் குத்துவதுண்டு; கம்பா மக்கள் விவசாயிகள், யானைகளுக்கு அவர்களால் அவ்வளவு ஆபத்தில்லை. இரண்டு இனத்தாரும் ஐந்து நாள் உடுத்திய துணிகளை ஆய்வாளர்கள் யானைக் கூட்டங்கள் வரும் வழியில் வைத்தார்கள். மாசாய் உடுத்திய துணியின் வாசனை வந்ததும் கூட்டம் வேகமாக வெகுதூரம் ஓடியது. ஆளைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. துணியில் ஒட்டியிருந்த வாடை மட்டும் போதுமானதாக இருந்தது.

சரி, நமக்கு இருக்கும் 400 வகை ஏற்பிகளை வைத்து எண்ணற்ற வாசனைகளை எப்படிப் பிரித்தறிகிறோம்? இந்த மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டுபிடித்தவர்கள் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு ஏற்பி ஒரே வாசனைக்கு என்று இல்லை. ஒரு வாசனைப் பொருள் பல ஏற்பிகளைத் தொடும், ஒரு ஏற்பி பல பொருள்களுக்கு மசியும். கையளவு எழுத்துகளை மாற்றி மாற்றிக் கூட்டி ஒரு மொழியின் சொற்களையெல்லாம் எழுதிவிடுவது போல, எந்த ஏற்பிகள் சேர்ந்து எழுந்தன என்பதைப் படித்து மூளை வாசனையை அறிகிறது. அந்தச் செய்தி, நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் பகுதிகளுக்குச் சுற்று வழியில்லாமல் போய்ச் சேர்கிறது.

இப்போது வானொலிக்குப் பக்கத்திலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை சீரகம் எடுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டு மெல்லுங்கள். நறநறவென்று இருக்கும், லேசாகக் கசக்கும், அவ்வளவுதான். இனி விரலை எடுங்கள். சீரகம் வந்துவிட்டது அல்லவா? இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்றவற்றில் உள்ள உமாமி, இவைதாம் நாக்கின் வேலை. ரசத்தின் மணம், காபியின் மணம் என்று நாம் ருசியோடு சேர்த்துச் சொல்வதெல்லாம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போய்ச் சேருவது. அதனால்தான் வாசனை போனவர்கள் முதலில் "சாப்பாடு ருசிக்கலை" என்று சொல்கிறார்கள். வீட்டில் சமைப்பவர் மேல் பழி விழுகிறது.

கிளினிக்கில் நான் காபித்தூளும் பெருங்காயமும் வைத்திருக்கிறேன். கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து, மற்றதன் அருகில் காட்டுவேன். சிலர் தலைவலித் தைலம் தெரிகிறது, அதனால் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். தைலத்தின் குளிர்ச்சியையும் எரிச்சலையும் முகத்தின் தொடு உணர்ச்சியைச் சுமக்கும் வேறொரு நரம்பு எடுத்துச் செல்கிறது. முகர் நரம்பு முழுவதும் போனவருக்கும் அது தெரியும். காபித்தூள் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

காரணங்கள் பல. சளி, மூக்கில் வளரும் சதை, வயது. முகர் நரம்பின் மெல்லிய இழைகள் மூக்கின் கூரையில் சல்லடை போன்ற ஓர் எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. பைக்கிலிருந்து விழுந்து பின்மண்டை தரையில் மோதினால் அந்த இழைகள் அறுந்துபோகலாம். தலையில் காயமே தெரியாது, ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது, வாசனை மட்டும் போயிருக்கும். ஹெல்மெட் போடச் சொல்வதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம். கோவிட் காலத்தில் ஏராளமானோருக்கு வாசனை போய், பலருக்குச் சில வாரங்களில் திரும்பியது. அந்த வைரஸ் பெரும்பாலும் நரம்பணுக்களை விட்டுவிட்டு, அவற்றைத் தாங்கி நிற்கும் செல்களைத் தாக்கியதே அதற்குக் காரணம்.

பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசனை மங்கத் தொடங்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஜாய் மில்ன் என்ற செவிலியர், கணவரின் உடல் வாடை மாறியதை நோய் கண்டுபிடிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே உணர்ந்தார். எடின்பரோவில் அவரிடம் 12 பேர் அணிந்த டி-ஷர்ட்டுகளைக் கொடுத்தார்கள். ஆறு பேர் நோயாளிகள், ஆறு பேர் நலமானவர்கள். ஆறு நோயாளிகளையும் சரியாகச் சொன்னார். கூடவே நலமானவர் ஒருவரையும் நோயாளி என்றார். ஓராண்டுக்குள் அந்த மனிதருக்கும் பார்க்கின்சன் என்று மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். மங்கிப்போன புலன் என்று சொல்லப்பட்ட மனித மூக்கு செய்த வேலை இது.

முகர் நரம்பணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக வளர்கின்றன. இதை வைத்து ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவர் ஒரு பயிற்சியை உருவாக்கி 2009இல் வெளியிட்டார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனைகள். நம் வீட்டில் கிராம்பும் எலுமிச்சையும் இருக்கும். நீலகிரித் தைலமும் பன்னீரும் கடையில் கிடைக்கும். காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சில நொடிகள், அந்த வாசனையை மனத்தில் நினைத்துக்கொண்டு முகர வேண்டும். குறைந்தது மூன்று மாதம். எல்லாருக்கும் பலிப்பதில்லை, கணிசமானவர்களுக்குப் பலிக்கிறது. ஆனால் முதலில் மருத்துவரிடம் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, கேஸ். 1937 மார்ச் 18, அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எரிவாயு கசிந்து கட்டடத்துக்கு அடியில் நிறைந்திருந்தது. வாசனை இல்லாத வாயு; யாருக்கும் தெரியவில்லை. ஒரு பொறி பட்டதும் கட்டடமே வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் எரிவாயுவில் துர்நாற்றம் சேர்ப்பது அங்கே சட்டமானது. நம் சிலிண்டரிலும் அதற்காக மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். கோடிக்கணக்கான அடுப்படிகளின் பாதுகாப்பு, மனித மூக்கை நம்பி நிற்கிறது. ஆகவே வாசனை தெரியாதவர் இருக்கும் வீட்டில், முக்கியமாகத் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில், கசிவைக் கண்டு ஒலிக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் கருவியைச் சுவரின் கீழ்ப்பகுதியில் மாட்ட வேண்டும். தூங்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். உங்களுக்கே வாசனை தெரியாவிட்டால், மீந்த குழம்பைச் சூடாக்குமுன் வீட்டில் வேறு யாரையாவது முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றி.