நிறுத்தி வைத்தால்தான் கெடும்

நடுவர் அவர்களே, ஏற்கெனவே ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து ஓட வைப்பது வரலாற்றுப் பணியா, வீண் பொழுதுபோக்கா?" என்பது தலைப்பு. வரலாற்றுப் பணிதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குண்டு போட்டுவிட்டுப் போனார். போர்க்காலத்தில் ரகசியக் குறியீட்டை உடைத்த மேதைகளை நினைவில் வைக்கக் காப்பகம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, கையில் கிரீஸ் பூசியவருக்கு அங்கே என்ன வேலை என்றார். அந்தக் காலத்துக் குட்டிக் கார்கள் வெறும் பொம்மைகள், அதில் என்ன வரலாறு என்றார். கடைசியில், இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு என்று முடித்தார். நல்ல கைதட்டலும் வாங்கினார். அதில் பாதியையாவது நான் திருப்பி வாங்கியாக வேண்டும்.

காப்பகம் என்றாரே, முதலில் அங்கேயே போவோம்.

டாமி ஃபிளவர்ஸ் என்று ஒருவர். 1905-இல் கிழக்கு லண்டனில் கொத்தனார் மகனாகப் பிறந்தவர். பிரிட்டிஷ் தபால்துறையில் தொலைபேசி இன்ஜினியர். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் தலைமையகம் தளபதிகளுக்கு அனுப்பிய செய்திகள் லோரென்ஸ் என்ற பன்னிரண்டு சக்கர இயந்திரத்தில் குறியீடாக மாறிப் போயின. அந்த இயந்திரத்தை, பிரிட்டன் எதிரியின் குறியீட்டை உடைக்க வைத்திருந்த பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய நிலையத்தில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. 1941 ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஒரு ஜெர்மன் ஆபரேட்டர் ஏறக்குறைய 4,000 எழுத்துள்ள செய்தியை, சக்கரங்களை மாற்றி வைக்காமல் ஒரே அமைப்பில் இரண்டு முறை அனுப்பித் தொலைத்தார். இரண்டாவது தடவை கை வலித்ததோ என்னவோ, சில சொற்களைச் சுருக்கிவிட்டார். அந்த ஒரு சோம்பல் போதுமாக இருந்தது. பிளெட்ச்லியில் இருந்த ஜான் டில்ட்மன் இரண்டு செய்திகளையும் பிரித்துக் கொடுக்க, பில் டட் என்ற இளம் கணிதக்காரர் உள்ளே எத்தனை சக்கரம், எந்தச் சக்கரத்துக்கு எத்தனை நிலை என்பது வரை துப்புத் துலக்க வழி கண்டுபிடித்தார். தெருவில் போகும் வண்டியின் சத்தத்தை மட்டும் கேட்டு, அதன் கியர் பாக்ஸில் எத்தனை பல் என்று சொல்வது மாதிரி.

சரி, கணக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தினமும் போட்டுப் பார்க்க வேகமான இயந்திரம் வேண்டுமே? அங்கேதான் ஃபிளவர்ஸ் வருகிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வால்வுகளை வைத்து ஓர் இயந்திரம் கட்டுகிறேன் என்றார். பழைய ரேடியோவில் சிவப்பாக எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுகள்தான். பெரியவர்கள் சிரித்தார்கள். பத்து வால்வு இருந்தாலே ஒன்று போகும், ஆயிரம் வைத்தால் எப்போதய்யா வேலை நடக்கும் என்று கேட்டார்கள். ஃபிளவர்ஸ் தொலைபேசி நிலையத்தில் கை வைத்து வேலை பார்த்தவர். அவருக்குத் தெரியும், வால்வு எரிவதால் போவதில்லை, அணைத்து அணைத்துப் போடுவதால்தான் போகிறது. ஒரு தடவை போட்டுவிட்டு அணைக்காமல் விட்டால் அது பாட்டுக்கு ஓடும். பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர் யாரையும் கேளுங்கள், இதையேதான் சொல்வார்: நிறுத்தி வைத்தால்தான் வண்டி கெடும்.

1944 தொடக்கத்தில் பிளெட்ச்லியில் அந்த இயந்திரம் வேலையைத் தொடங்கியது. பெயர் கொலாசஸ். சுமார் 1,600 வால்வுகள். துளையிட்ட காகித நாடாவை நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் படித்தது. சோதனையில் 9,700 வரை விரட்டிப் பார்த்தார்கள், நாடா பிய்ந்து போனது. அப்போது நாடா போன வேகம் மணிக்கு 85 கிலோமீட்டருக்குப் பக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எதிரணியின் பொம்மைக் காரைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

போர் முடிந்தது. அதற்குள் பத்தாகியிருந்த கொலாசஸ்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டார்கள். 1960-இல் மிச்சமிருக்கும் ஆவணங்களையும் அழித்துவிடு என்று ஃபிளவர்ஸுக்கே உத்தரவு. தன் கையால் வரைபடங்களைக் கொண்டு போய்க் கொதிகலன் நெருப்பில் போட்டார். யாரிடமும் சொல்லவும் கூடாது. அப்படி ஓர் இயந்திரம் கட்ட பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் கடன் கேட்டாராம், இதெல்லாம் வேலை செய்யாது என்று மறுத்துவிட்டார்களாம். ஏற்கெனவே கட்டி ஓட்டிவிட்டேன் ஐயா என்று சொல்ல முடியாத மனிதர் அவர்.

எதிரணித் தலைவரே, இப்போது சொல்லுங்கள், எந்தக் காப்பகம்? காப்பகத்தில் இருக்க வேண்டியது கொதிகலனில் அல்லவா இருந்தது?

கதை அதோடு முடியவில்லை. 1991-இல் பிளெட்ச்லி பார்க்கையே இடித்துவிட்டு வீடு கட்டும் யோசனை இருந்தது. தடுத்தது அரசாங்கமா? இல்லை. உள்ளூரில் வரலாற்றுச் சங்கம் வைத்திருந்த சில ஆர்வலர்கள். பழைய ஊழியர்களுக்குப் பிரிவு விருந்து வைக்கலாம் என்று தொடங்கினார்கள். வந்தவர்கள் பேசிய பேச்சைக் கேட்டபிறகு, இதை இடிக்க விடக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அப்புறம் டோனி சேல் என்ற இன்ஜினியர் கொலாசஸைத் திரும்பக் கட்டுகிறேன் என்று கிளம்பினார். கையில் இருந்தது 1945-இல் எடுத்த எட்டுப் புகைப்படங்களும், பழைய இன்ஜினியர்கள் விதியை மீறி வீட்டில் ஒளித்து வைத்திருந்த சில சர்க்யூட் துண்டுகளும். பாகங்களுக்கு எங்கே போனார்? காயலான் கடைக்குப் போகவிருந்த பழைய தொலைபேசி நிலையங்களுக்கு.

1996 ஜூன் 6-ஆம் தேதி அது ஓடியது. அப்போது 90 வயதான டாமி ஃபிளவர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்தார். 1998-இல் காலமானார். ஆர்வலர்கள் இன்னும் மூன்று வருஷம் சோம்பியிருந்தால், தன் இயந்திரம் மறுபடி ஓடுவதைப் பார்க்காமலேயே அந்த மனிதர் போயிருப்பார்.

நடுவர் அவர்களே, கொலாசஸ் வண்டியா என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள். காதில் விழுகிறது. சரி, பிளெட்ச்லியின் வண்டிகளுக்கே வருகிறேன். வானொலியில் ஒட்டுக்கேட்டு எழுதிய தாள்களை, எழுத்தைக் கம்பி வழியாக அனுப்பும் டெலிபிரின்டர் இல்லாத நிலையங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்தார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரே விளக்கணைத்திருக்கும் இரவு, ஹெட்லைட்டுக்கு முகமூடி, பையில் என்ன இருக்கிறது என்று ஓட்டுபவருக்கே தெரியாது. அந்தக் காலத்து நார்ட்டன், பி.எஸ்.ஏ. ராணுவ பைக் ஒன்றை முகமூடி விளக்கோடு இருட்டில் ஐந்து மைல் ஓட்டிப் பாருங்கள், எந்தப் புத்தகமும் சொல்லாத ஒன்று புரியும். கணிதம் உள்ளே போவதற்கு முன்னால் யாரோ ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார்.

பிளெட்ச்லியில் வேலை பார்த்த கணித மேதை ஆலன் ட்யூரிங்கின் சைக்கிளும் இருக்கிறதே! கூட வேலை பார்த்தவர்கள் சொன்ன கதை. அந்த சைக்கிளின் செயின் அடிக்கடி கழன்றுவிடும். வேறு யாராக இருந்தாலும் கடையில் கொடுத்திருப்பார்கள். ட்யூரிங் பெடல் சுற்றை எண்ணினார். குறிப்பிட்ட சுற்றுக்கு ஒரு முறைதான் கழல்கிறது என்று பிடித்துக்கொண்டு, அந்த எண் வரும் முன்னால் இறங்கிக் கையால் சரிசெய்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டாராம். மகரந்த ஒவ்வாமைக்காக முகத்தில் வாயுக்கவசம் வேறு. பார்த்தவர் பைத்தியம் என்றிருப்பார். பழைய வண்டிக்காரருக்கு அது பைத்தியமாகத் தெரியாது. பெடல் ஒரு கணக்கில் சுற்றுகிறது, செயின் ஒரு கணக்கில், சக்கரம் ஒரு கணக்கில், கோளாறு எப்போது சந்திக்கும் என்பதுதான் கேள்வி. ஜெர்மனியின் இன்னொரு குறியீட்டு இயந்திரமான எனிக்மாவின் சக்கரங்களைப் பார்த்து அவர் கேட்டதும் அந்த மாதிரிக் கேள்விதான்.

இரண்டாவது குண்டு, பொம்மைக் கார். பீல் பி50 என்று பெயர் சொல்லியே கேலி செய்தார் தலைவர். ஐல் ஆஃப் மேன் தீவில் 1962-லிருந்து செய்தது. நீளம் 137 சென்டிமீட்டர், 49 சிசி இன்ஜின், ஒரு கதவு, ஒரு ஹெட்லைட், ரிவர்ஸ் கியர் கிடையாது. பின்னால் ஒரு கைப்பிடி, திருப்ப வேண்டுமென்றால் இறங்கி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். உச்ச வேகம் மணிக்கு சுமார் 61 கிலோமீட்டர். அதாவது, ஃபிளவர்ஸின் காகித நாடா இந்தக் காரை ஓவர்டேக் செய்துவிடும்! சிரியுங்கள், நானும் சிரிக்கிறேன். ஆனால் இந்தச் சின்னக் கார்கள் ஏன் பிறந்தன?

போரில் ஜெயித்த பிரிட்டனில் 1950 வரை பெட்ரோலுக்கு ரேஷன். பிறகு எகிப்தின் சூயஸ் கால்வாயை ஒட்டிய நெருக்கடி, 1956 டிசம்பர் முதல் 1957 மே வரை மறுபடி ரேஷன். அப்போது எடை குறைந்த மூன்று சக்கர வண்டிக்கு வரி குறைவு, மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதும், ஆனால் ரிவர்ஸ் இருக்கக்கூடாது. அதனால்தான் ரிவர்ஸ் இல்லை, முட்டாள்தனத்தால் அல்ல. பாண்ட் மினிகாரில் முன்சக்கரத்தை இருபுறமும் முழுசாக மடக்கி, நின்ற இடத்திலேயே வண்டியைச் சுற்றவைத்தார்கள். இசெட்டா என்ற இன்னொரு குட்டிக் காருக்குக் கதவு மூக்கில். ரிவர்ஸ் இல்லாத இசெட்டாவை கேரேஜ் சுவர் வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் கதவு திறக்காது. அப்புறம் மேல் துணிக்கூரை வழியாகத்தான் தலையை நீட்ட வேண்டும். பிரைட்டனில் பழைய ரயில் இன்ஜின் பட்டறையில் அதைச் செய்தார்கள். அந்தப் பட்டறைக்குச் சாலையே கிடையாது, பாகங்கள் வந்ததும் கார்கள் போனதும் ரயிலில்.

ஜெர்மனியில் இன்னும் விசேஷம். விமானம் செய்யத் தடை வந்ததும் மெஸ்ஸர்ஷ்மிட் கம்பெனி ஃபிரிட்ஸ் ஃபெண்டின் வடிவமைப்பில் மூன்று சக்கர வண்டி செய்தது. ஒருவர் பின் ஒருவர் உட்கார வேண்டும், மேலே விமானம் மாதிரிக் கண்ணாடிக் கூடு. மிச்சமிருந்த போர் விமானக் கூடுதான் அது என்று ஊரெல்லாம் ஒரு கதை உண்டு. இல்லை, காருக்கென்றே செய்தது என்று தெளிவுபடுத்துகிறவர்கள் யார்? வருஷக்கணக்கில் அந்தக் கூட்டைக் கழற்றி மாட்டும் ஆர்வலர்கள். மெஸ்ஸர்ஷ்மிட்டின் கேஆர்200 என்ற மாடலில் இன்ஜினை அணைத்து எதிர்த்திசையில் ஸ்டார்ட் செய்தால், நாலு கியரும் பின்னோக்கி ஓடும். இன்னொரு போர் விமானக் கம்பெனியான ஹைன்கலும் குமிழி மாதிரி உருண்ட கார் விட்டது. யோசித்துப் பாருங்கள் அவையோரே. எந்தப் பெயர் வானத்தில் கேட்டால் லண்டன்காரர் நிலவறைக்கு ஓடினாரோ, எந்த விமானப்படையின் செய்தியை பிளெட்ச்லியில் இராப்பகலாக உடைத்தார்களோ, அதே பெயர் பத்துப் பதினைந்து வருஷத்தில் லண்டன் தெருவில் கடைக்குக் காய்கறி வாங்கப் போகிறது. இதைவிட வரலாறு வேண்டுமா?

மூன்றாவது, பணம். 2013-இல் அமெரிக்காவில் ஒரு பீல் பி50 1,20,750 டாலருக்கு ஏலம் போனது உண்மை. புதிதாக அதன் விலை 199 பவுண்டு. வாங்கி, மெருகு போட்டு, கண்ணாடிக்குள் பூட்டி, விலை ஏறும் என்று காத்திருப்பவர்களை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசுவது ஓட்டுகிறவர்களுக்காக. அவர்கள் வண்டிகளில் பல, யாரும் ஏலம் கேட்காதவை. ஒன்று சொல்கிறேன்.

இன்வாகார். பிரிட்டிஷ் அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த மூன்று சக்கர வண்டி. இள நீல நிறம், பார்த்தவுடன் யாருடையது என்று ஊருக்கே தெரியும். நடக்க முடியாத உறவினருக்காக பெர்ட் கிரீவ்ஸ் மோட்டார் பொருத்திச் செய்த வண்டியிலிருந்து வளர்ந்தது அது. உள்ளே எட்டிப் பாருங்கள். ஒரே ஒரு இருக்கை. மனைவிக்கு இடமில்லை, குழந்தைக்கு இடமில்லை, உதவிக்கு ஒரு துணை வரவும் இடமில்லை. நடக்க முடியாதவருக்குக் குடும்பம் இருக்கும் என்று வண்டி கொடுத்தவர்கள் நினைக்கவில்லை. இதை எதிர்த்து அங்கே பெரிய போராட்டமே நடந்தது. 2003 மார்ச் 31-க்குப் பிறகு பாதுகாப்பு விதிக்குப் பொருந்தாது என்று சாலையிலிருந்து விலக்கி, அரசாங்கம் திரும்பப் பெற்று நசுக்கியது. தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான். அவற்றில் சிலவற்றை ஆர்வலர்கள் சரிசெய்து மறுபடி சாலைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

கொலாசஸை உடைத்தது அரசாங்கம், இன்வாகாரை நசுக்கியது அரசாங்கம். இரண்டையும் திரும்ப ஓட வைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குள் போகும் ஆட்கள்.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது நடுவரே, ஒரு நிமிஷம். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்த இன்வாகாரில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, பக்கத்தில் யாரும் உட்கார முடியாது என்பதை உடம்பால் தெரிந்துகொள்ள எந்தக் காப்பகத்தில் எந்தக் கோப்பைப் பிரிக்க வேண்டும்? அவர் கோப்பின் எண்ணைச் சொன்னால் நான் எதிரணி மேசைக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.