மழைக்கு முன் மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள்

(சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பகுதியில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, கதவோரம் நின்று கேட்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

புரட்டாசி முடியப் போகிறது. நம் பக்கம் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் கைகோத்துக்கொண்டுதான் வரும். அடுத்து கார்த்திகை, வாசல் நிறைய அகல் விளக்கு. வீட்டுக்கு நெருப்பாலும் தண்ணீராலும் ஒரே சமயத்தில் ஆபத்து வருகிற மாதங்கள் இவை. அதனால்தான் மழை இறங்குவதற்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும் என்று சங்கத்தாரிடம் கேட்டுக்கொண்டேன்.

நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை தெரியாமல் ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு வாரக்கணக்கில் ஒரே வேலை, சுவிட்ச் பெட்டிகளைத் திறப்பது. திருகாணியைக் கழற்றிப் பலகையை இழுத்தால் உள்ளே சாம்பல் நிறச் சேறு அச்சு வார்த்ததுபோல் இறுகிக் கிடக்கும். பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. வெளியே சுவரைக் கழுவி வெள்ளை அடித்து முடித்திருப்பார்கள், வீடு புதிதாகத் தெரியும். அந்தப் பெட்டிக்குள் மட்டும் வெள்ளம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதில் கரண்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் இன்று வலியுறுத்தப் போவது ஒரே விஷயம். கரண்டு, கேஸ், தண்ணீர் மூன்றும் வெளியிலிருந்து நம் வீட்டுக்குள் வருகின்றன. மூன்றையும் நிறுத்துகிற இடம் எது என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இருட்டிலும் கை எட்ட வேண்டும். நான் போகிற வீடுகளில் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டால், "அவருக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். அவர் வேலைக்குப் போயிருப்பார். இல்லையென்றால் மெயின் பெட்டி இருக்கும், அதற்கு முன்னால் பழைய சைக்கிளும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கியிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் இன்வெர்ட்டர். தண்ணீர் ஏறுகிறதென்று மெயினை அணைத்துவிடுகிறார்கள், சரி. ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து ஃபேன் லைன், லைட் லைன் எல்லாவற்றிலும் கரண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும். இ.பி. லைன் போய்விட்டதே என்று தைரியமாகத் தண்ணீரில் கால் வைக்கிறார்கள். இரண்டையும் அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரைத் தரையில் வைத்திருப்பவர்கள் அதை உயரமான மேடைக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து டிரிப்பர், அதாவது கோளாறு வந்தால் தானாகவே கீழே விழுந்து கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நெருப்பும் தண்ணீரும் சந்திக்கிற இடம் இதுதான். உங்கள் பெட்டியில் இரண்டு வகை இருக்கும். எம்.சி.பி. என்பது லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ விழுவது. அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி. என்பது வேறு. வீட்டுக்குள் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். திரும்பி வருவதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். ஈரச் சுவர் வழியாகக் கசியலாம், ஒரு குழந்தையின் கை வழியாகவும் கசியலாம். கண் இமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும்.

மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறுகிறது. சுவருக்குள் ஓடும் குழாயில் ஈரம் தேங்குகிறது. பழைய வயரின் தோல் வெடித்த இடத்தில் கரண்டு கசிகிறது. டிரிப்பர் விழுகிறது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. ராத்திரி நேரம், குழந்தை அழுகிறது, கொசு கடிக்கிறது. யாரையோ கூப்பிடுகிறார்கள். அவர் வந்து ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேராக லைன் கொடுத்துவிட்டுப் போகிறார். ஃபேன் ஓடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி. கசிவோ அப்படியே இருக்கிறது. கசிகிற இடம் மெல்லச் சூடாகி, கருகி, ஒருநாள் பற்றிக்கொள்ளும். அல்லது ஈரக் கையோடு யாராவது சுவிட்சைத் தொடுவார்கள். எங்கள் தொழிலில் உள்ளவர்கள் செய்யவே கூடாத காரியம் இது. டிரிப்பர் அடிக்கடி விழுந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு லைனாகப் பிரித்துச் சோதித்தால் கசிகிற லைன் அகப்படும். அந்த ஒரு லைனை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் மழைக்கு முன் போட்டுவிடுங்கள். இருந்தால் அதில் 'T' என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்றுங்கள்.

இன்னும் ஃபீஸ் கட்டை உள்ள பழைய வீடுகள் நம் பகுதியில் இருக்கின்றன. ஃபீஸ் அடிக்கடி போகிறதென்று தடிமனான செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்புறம் ஃபீஸ் போகாது, சுவருக்குள் இருக்கிற வயர்தான் உருகும். கீசர் 2,000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் ப்ளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகாதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கும் இதேதான். கீசரை அணைத்தவுடன் ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. நான் கழற்றுகிற சாக்கெட்டுகளில் ஒரு துளை மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகி வளைந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள், "ஏதோ மீன் வாடைபோல வந்தது, சமையல்கட்டில் இருந்து என்று நினைத்தோம்" என்பார்கள். அது ப்ளக் கருகுகிற வாடை.

ஓதம் மேலிருந்துதான் பெரும்பாலும் இறங்குகிறது. அந்தக் காலத்து மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தளம் போடுவார்கள். மேலே தட்டோடு. இன்று அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை. ஆனாலும் தரையும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலையைப் பாருங்கள், விரிசல் முதலில் அங்கேதான் விடும். மழைநீர் இறங்கும் குழாய் வாயில் இலைக் குப்பையை எடுத்துவிடுங்கள். தீபாவளி ராக்கெட் விழுந்தால் பற்றுவதும் அந்தக் காய்ந்த சருகுதான். சீலிங் ஃபேன் கொக்கியிலிருந்து தண்ணீர் சொட்டினால், கீழே வாளி வைத்துவிட்டு ஃபேனை ஓட்டாதீர்கள். வயர் போகிற குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அந்த லைனை அணையுங்கள்.

சமையல்கட்டுக்கு வருவோம். தாய்மார்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை, ஆனால் நெருக்கடியில் கை பழக்கப்படிதான் போகும், அதனால் சொல்கிறேன். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படரும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு சன்னலைத் திறந்துவிடுங்கள். எந்த சுவிட்சையும் போடாதீர்கள், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். வெளியே போய் நின்று 1906க்குப் போன் செய்யுங்கள், கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது. அந்த ஆரஞ்சு நிற டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தில் ஒன்றும் ஆண்டும் போட்டிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர், சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு அது. கெடு தாண்டியதை வாங்காதீர்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணையுங்கள், பெரிய தட்டாலோ மூடியாலோ சட்டியை மூடுங்கள், ஆறும் வரை திறக்காதீர்கள். முடியவில்லையா, வெளியே வந்து 101. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவே ஓடாதீர்கள்.

வெளியே வருவது என்று சொன்னேன். அதுதான் எனக்குப் பெரிய கவலை. நம் வீடுகளில் எல்லா சன்னலுக்கும் இரும்புக் கம்பி. பால்கனிக்கும் கிரில். ராத்திரி முன்கேட்டுக்குப் பூட்டு, சாவி எங்கோ பீரோவின் மேல். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத்து அடுப்பங்கரையிலிருந்து கிளம்பிய தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்தப் பிள்ளைகள் ஓடித் தப்ப நல்ல வழி இல்லாமல் போனதை நாம் மறக்கக் கூடாது. பூட்டின் சாவியைக் கதவுக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகளுக்கும் எட்டுகிற ஆணியில் மாட்டுங்கள். கிரிலில் ஒரு பகுதியாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி செய்துகொள்ளுங்கள். திருடனுக்குப் பயந்து செய்த வேலை, நம்மையே உள்ளே வைத்துப் பூட்டிவிடக் கூடாது.

இனி தரையோடு வருகிற தண்ணீர். ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டுப் பல வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் ரோடு போடும்போது சங்கம் போய் நின்று அதைக் கேட்க வேண்டும். வீட்டளவில் நாம் செய்யக்கூடியது, மீட்டர் பெட்டியையும் தரையோரத்துப் ப்ளக் பாயிண்டுகளையும் 2015இல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே ஏற்றுவது. அந்தக் கோடு உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பலருக்குத் தெரியாதது ஒன்று, வாசலில் மணல் மூட்டை போட்டாலும் வெள்ளம் கழிவறைக் கோப்பை வழியாக மேலே வரும். கோப்பையின் மேலும், குளியலறைத் தரைத் துளையின் மேலும் மணல் நிரப்பிய பை வையுங்கள். வசதி இருந்தால் வெளிக்குழாயில் தண்ணீர் திரும்பி வராத வால்வு போடலாம்.

இன்னொன்று, பாதி தீர்ந்த சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும். மிதந்தால் டியூபை இழுத்துப் பிய்க்கும். தண்ணீர் வாசற்படி ஏறும்போதே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை உயரத்தில் கட்டிவையுங்கள். பத்திரம், சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணுக்கு. வடிந்த பிறகு அவசரப்பட்டு மெயினைப் போடாதீர்கள். எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, கழுவி, உலர்த்தி, சோதித்த பிறகுதான் போட வேண்டும். மூழ்கிய எலக்ட்ரிக் ஸ்கூட்டரை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போட வேண்டவே வேண்டாம். சம்ப் தண்ணீரை முழுக்க இறைத்து, கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்ட பிறகுதான் நிரப்ப வேண்டும்.

கடைசியாகக் காப்பீடு. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிரஹ ரக்‌ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. தீ, வெள்ளம், புயல் மூன்றுக்கும் பொருந்தும். வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவுக்குத்தான் தொகை வைப்பார்கள், நிலத்தின் விலை கணக்கில் வராது. அதனால் பிரீமியம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. கட்டடத்துக்கு எடுத்தால் உள்ளே இருக்கும் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே சேரும். வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். இன்று போனதும் ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு உறவினருக்கு அனுப்பிவையுங்கள். நஷ்ட ஈடு கேட்கும்போது அந்தப் படங்கள் உதவும்.

தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டு மெயின் பெட்டிகளை இந்த வாரக் கடைசியில் நானும் இரண்டு பையன்களும் வந்து பார்த்துக் கொடுக்கிறோம், காசு வேண்டாம். முகவரியைச் சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.